கறுப்புப் புலியும் சொந்தத்துக் கல்யாணமும்

"ஏல தம்பி, ஒம் மருமவ அங்க வாரா. நீதாம்ல தாய்மாமன். ஒரு வார்த்த சொல்லிப் பாரு, நீ சொன்னா கேப்பா."

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா இப்படிப் போன் செய்தால் விஷயம் கல்யாணம்தான் என்று புரிந்துகொள்ள பெரிய ஞானமெல்லாம் வேண்டாம். அக்கா மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அத்தானின் கூடப்பிறந்த தங்கை மகன் ஒருவன் மதுரையில் நல்ல வேலையில் இருக்கிறான். முறைப்பையன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண் மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு புவனேஸ்வரில் ஒரு வாரப் பயிற்சி முகாம், தங்கப் போவது எங்கள் வீட்டில். ஆக, தூது போகும் வேலை என் தலையில்.

வந்து இறங்கியதும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "பிஎச்டியே முடிச்சாச்சு, அதுக்கு மேல என்னம்மா படிப்பு?"

"படிப்பு இல்ல அத்தை, வேலை. ஆனா ரெண்டு வருஷத்துக்கு மட்டும்."

போஸ்ட்டாக் என்பதை நான் புரிந்துகொண்டது என் தொழிலை வைத்துத்தான். சிஏ பாஸாகிவிட்டோம், சொந்த போர்டு மாட்ட இன்னும் நேரம் வரவில்லை, அதுவரை ஒரு பெரிய ஆபீஸில் போய் உட்கார்ந்து பெரிய கணக்குகளைப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அது. என்ன, இங்கே இரண்டு வருஷ காண்ட்ராக்ட் முடிந்தால் அடுத்தது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. இவள் செய்வது செந்நாய்களின் ஜீனோம். காட்டில் செந்நாய் போட்டுவிட்டுப் போன எச்சத்தை (அதாங்க, கக்கா) எடுத்துவந்து, அதிலிருந்து டிஎன்ஏ பிரித்து, எந்தக் காட்டு நாய் எந்தக் காட்டு நாய்க்கு என்ன உறவு என்று பார்ப்பது. பெட்டியைத் திறந்து சின்னச் சின்னக் குழாய்களைக் காட்டினாள். தங்கமணி இரண்டடி பின்னால் போனாள். நல்லவேளை, ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்ததால் ஃப்ரிட்ஜில் இடம் கேட்கவில்லை :-)

ஞாயிற்றுக்கிழமை அவளை நந்தன்கானன் கூட்டிப்போனேன். இந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு சொந்தக்காரரையும் பூரி, கோணார்க், நந்தன்கானன் என்று மூன்று இடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்கு மனப்பாடம். அங்கே ஒரு புலியின் முன்னால் கூட்டம் நின்றது. உடம்பில் வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தடித்து, யாரோ மசியைக் கொட்டித் தேய்த்துவிட்ட மாதிரி. மஞ்சள் அங்கங்கே கீற்றாகத்தான் தெரியும். "காலா பாக், காலா பாக்" என்று பிள்ளைகள் குதித்தன. நானும் என்னவோ என் வீட்டுப் புலி மாதிரி, "உலகத்திலேயே காட்டில் இது இருப்பது எங்க ஒடிசாவில் மட்டும்தான்" என்றேன்.

"வண்டலூர்லயும் பொறந்திருக்கு மாமா. காட்டுலன்னா நீங்க சொல்றது சரி. ஆனா அது பெருமைப்படற விஷயமான்னு தெரியல" என்றாள்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை ஓடிய பேச்சும், அதற்குப் பிறகு அவள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளை நான் என் பாணியில் கணக்குப் போட்டுப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் இடம். ஒடிசாவின் வடக்கு மூலையில் மயூர்பஞ்ச் மாவட்டம். அதில் சிமிலிபால். இலவ மரத்தை இங்கே சிமிலி என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள். மயூர்பஞ்ச் ராஜாக்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1973ல் புலித் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் ஒன்பது காடுகளில் ஒன்று. சுமார் 2,750 சதுர கிலோமீட்டர். 2025 ஏப்ரலில்தான் அதன் நடுப்பகுதி முறைப்படி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். அருவி பார்த்தேன், யானை பார்த்தேன், மலை அணில் பார்த்தேன். புலி என்னைப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவில் புலிகளை எண்ணிய கதைக்கும் இந்தக் காட்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சிமிலிபால் புலிகள் காப்பகத்தின் முதல் கள இயக்குநர் சரோஜ் ராஜ் சவுத்ரி. 1974ல் கைரி ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு புலிக்குட்டியைப் பழங்குடியினர் கொண்டுவந்து கொடுக்க, அதற்குக் கைரி என்றே பெயர் வைத்து, ஜஷிபூரில் தன் வீட்டிலேயே மகள் மாதிரி வளர்த்தவர். 1981ல் கைரி செத்துப்போனது. இந்த ஊர்ப் பெரியவர்கள் கைரி பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் ஊரில் கோயில் யானையைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரல் மாறிவிடும். அதே சவுத்ரிதான் காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை உருவாக்கியவர். தடத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் ஓரத்தை வரைந்துகொள்ள வேண்டும். பின்னங்காலில் இடது கால் முக்கியம். பிறகு அதைக் காகிதத்தில் எடுத்து, அளந்து, ஒப்பிட்டு, இது ஒரு புலி, அது வேறு புலி என்று பிரிக்க வேண்டும். 1972ல் நாடு முழுக்க இப்படி எண்ணித்தான் 1,827 புலிகள் என்றார்கள். அந்த எண்தான் நாட்டை உலுக்கியது, புலித் திட்டத்துக்கு வழி செய்தது.

நான் தணிக்கைக்காரன். கம்பெனிக் கணக்குகளில் ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு. இந்த முறையைப் படித்ததும் எனக்கு உறுத்தியது தடமோ கண்ணாடியோ இல்லை. சரக்கைக் காவல் காப்பவரே சரக்கை எண்ணுகிறார். குறைந்தால் அவருக்குத் திட்டு, கூடினால் பாராட்டு. எந்த குடோனிலும் இப்படி ஸ்டாக் எடுத்தால் அது வருஷா வருஷம் கூடத்தான் செய்யும். சவுத்ரி நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ளவர்களுக்காக ஒரு கருவியைச் செய்தார். அது முப்பது வருஷம் எல்லார் கையிலும் புழங்கியபோது நடந்ததற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஓட்டை வெளியே தெரிந்தது வேறு ஊரில். ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004ல் காகிதப்படி பதினாறு, பதினெட்டு என்று புலிகள் இருந்தன. அந்த வருஷக் கடைசியில் காட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கள்ள வேட்டையில் போயிருந்தது. 2005ல் செய்தி வெடித்தது, பிரதமர் ஒரு குழு அமைத்தார், தடத்தை வைத்து எண்ணும் முறையைக் கைவிட்டு, தானியங்கிக் காமிராக்களும் புள்ளியியலும் வந்தன. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி, அதனால் படமே சாட்சி. 2006ல் எண்ணத் தொடங்கி 2008ல் வெளியிட்ட மதிப்பீடு: நாடு முழுக்க 1,411. ஒடிசாவில் 2004ன் பழைய கணக்கு 192, புதிய முறையில் 45. அந்த வித்தியாசத்தில் எத்தனை புலி செத்தது, எத்தனை பிறக்கவே இல்லை என்று இனி எந்தத் தணிக்கையாளரும் சொல்ல முடியாது. 2022 மதிப்பீட்டில் நாட்டின் சராசரி 3,682க்கு ஏறியிருந்தது. ஒடிசா 20க்கு இறங்கியிருந்தது. அதில் சிமிலிபாலில் 16.

காமிரா தலையை எண்ணும். உறவைச் சொல்லாது. என் மருமகள் மாதிரி ஆட்கள் உள்ளே வருவது இங்கேதான்.

புலி எச்சத்தின் மேலே ஒட்டியிருக்கிற வழவழப்பில் அதன் குடலின் செல்கள் இருக்கும். அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். புலியைப் பிடிக்க வேண்டாம், மயக்க வேண்டாம், அது பக்கத்திலேயே இருக்க வேண்டாம். ஆனால் வெயிலும் மழையும் பட்டு டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும், கூடவே அது தின்ற மானுடைய டிஎன்ஏ, பாக்டீரியாவுடையது எல்லாம் கலந்திருக்கும். முதலில் இது புலியா சிறுத்தையா, அப்புறம் எந்தப் புலி, அப்புறம்தான் யாருக்கு யார் சொந்தம். "பத்து எச்சத்துக்கு எத்தனை தேறும்?" என்று கேட்டேன். "அதை நெனச்சா தூக்கம் வராது மாமா" என்றாள்.

இந்தியாவில் இந்த வேலையின் முக்கியமான இடம் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையம். அங்கே உமா ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கூடத்திலிருந்து இருபது வருஷத்தில் வந்த கட்டுரைகளை வரிசையாக வைத்தால் ஒரு வீட்டின் பழைய பத்திரங்களைத் தேதி வாரியாகப் படிக்கிற மாதிரி இருக்கிறது. 2009ல் சம்ரத் மொண்டல், உல்லாஸ் காரந்த் இவர்களோடு சேர்ந்து எழுதியது: உலகப் புலிகளில் இன்று மிஞ்சியுள்ள மரபணு வேற்றுமையில் பாதிக்கு மேல் இந்தியப் புலிகளிடம் இருக்கிறது. அந்த அளவு வேற்றுமை சேர்வதற்கு, கங்கைச் சமவெளிக்குத் தெற்கே மட்டும் ஒரு காலத்தில் சுமார் 58,200 புலிகள் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னால் பெரிய சரிவு. மிச்சம் 1.7 சதவீதம். (0.2 முதல் 13 வரை இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இப்படித் தங்கள் கணக்கின் தளர்வைத் தாங்களே எழுதிக்கொடுக்கும் வாடிக்கையாளர் எனக்கு ஒருவர்கூட வாய்த்ததில்லை.)

2013ல் வந்ததுதான் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது. வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொண்டுபோன புலித்தோல்களும் மண்டைகளும் பிரிட்டன் மியூசியங்களில் இருக்கின்றன அல்லவா? அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுத்து இன்றைய புலிகளோடு ஒப்பிட்டார்கள். தாய்வழியாக மட்டும் வரும் டிஎன்ஏ வகைகளில், அந்தக் காலப் புலிகளிடம் இருந்தவற்றில் 93 சதவீதம் இன்றைய புலிகளிடம் இல்லை. துரை பெருமைக்காகச் சுவரில் மாட்டிய தலை, நூறு வருஷம் கழித்து காணாமல் போன சொத்துக்குப் பட்டியலாகிவிட்டது.

2017ல் 17 காடுகளிலிருந்து 38 புலிகளின் ஜீனோமைப் பார்த்தபோது மூன்று கூட்டங்கள் பிரிந்தன: தெற்கு, நடு இந்தியா, வடமேற்கு. வடமேற்கு என்றால் ரந்தம்போர். சுற்றிலும் வயல், ஊர், ரோடு. வெளியிலிருந்து புலி வருவதில்லை. உள்ளே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். சரிஸ்காவுக்கு 2008 ஜூனில் ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுபோனதும் இந்த ரந்தம்போரிலிருந்துதான். முதலில் போனவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாமே என்று கேள்வி எழுந்து, டிஎன்ஏ பார்த்து அனுப்புங்கள் என்ற பேச்சு வந்தது. அங்கே முதல் குட்டிகள் பிறக்க 2012 ஆகிவிட்டது.

2021ல் அனுபப் கானும் மற்றவர்களும் 57 புலிகளின் முழு ஜீனோமை வைத்து ரந்தம்போரின் உட்கலப்பை அளந்தார்கள். ஜீனோமில் அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் நீளநீளமாக அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் பகுதிகளைக் கூட்டுவது. தனித்துப்போன சின்னக் கூட்டத்தில் 0.57. தொடர்புள்ள இரண்டு பெரிய கூட்டங்களில் 0.35, 0.46.

கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. "அத்தை மகன் மாமன் மகள் கல்யாணம்னா பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று. தாய்மாமனையே கட்டினா எட்டில் ஒன்று. இது 0.57ன்னா..." என்று ஆரம்பித்தேன். தடுத்துவிட்டாள். அந்தப் பதினாறில் ஒன்று, ஒரே ஒரு கல்யாணத்தின் கணக்கு. இந்த 0.57ல் பல நூறு தலைமுறைகளுக்கு முந்தைய சரிவு எல்லாம் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. புலியைப் புலியோடுதான் ஒப்பிட வேண்டும். சரி, ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயம் என் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. உட்கலப்பு நடக்கும்போது மிக மோசமான ஜீன் கோளாறுகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தக் குட்டி பிழைக்காது. அதோடு அந்தக் கோளாறும் கூட்டத்திலிருந்து கழிந்துவிடும். வாராக்கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி. ரந்தம்போரில் அது நடந்திருக்கிறது. ஆனால் மிஞ்சியவை இரட்டைப் பிரதியாக அதிகப் புலிகளிடம் இருக்கின்றன. நடுத்தரமான, ஆளைக் கொல்லாத சின்னச் சின்னக் கோளாறுகளும் மற்ற கூட்டங்களைவிட அதிகம். பெரிய கடன் போய்விட்டது என்று பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், சில்லறைக் கடன்கள் கம்பெனியை மூழ்கடிக்கும்.

இப்போது கறுப்புப் புலிக்கு வருவோம்.

சிமிலிபால் பக்கத்துக் கிராமங்களில் கறுப்புப் புலியைப் பார்த்ததாகப் பேச்சு பழையது. 1993ல் ஒரு பையன் தன்னைக் காத்துக்கொள்ள அம்பெய்து கொன்ற பெண்புலி கறுத்திருந்ததை வனத்துறை பதிவு செய்தது. 2007ல் காமிராவிலும் பதிவானது. முழுக் கறுப்பு இல்லை, வரிகள் அகன்று ஒட்டிக்கொண்டவை. நாட்டில் வேறெந்தக் காட்டுக் காமிராவிலும் இப்படி ஒன்று விழவில்லை. சிமிலிபாலிலோ ஏறக்குறைய நூற்றுக்கு 37 புலிகள் இப்படி.

ஏன் என்பதற்கு விடை மிருகக்காட்சி சாலையிலிருந்து வந்தது. கூண்டில் பிறக்கும் புலிக்கு அப்பன் ஆத்தா யார் என்று பதிவேடு இருக்குமே. நந்தன்கானனிலும் நம்ம வண்டலூரிலும் கறுப்பு வரிக் குட்டிகள் பிறந்த குடும்பங்களின் டிஎன்ஏவை வைத்து, வினய் சாகர், உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021ல் காரணத்தைப் பிடித்தார்கள். டாக்பெப் என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். இதே ஜீனில் கோளாறு வந்தால் வீட்டுப் பூனையின் கோடுகள் சுழிசுழியாக மாறும், ஆப்பிரிக்கச் சிவிங்கியின் புள்ளிகள் ஒன்றாகி 'ராஜா சிவிங்கி' ஆகும் என்று 2012லேயே கண்டிருந்தார்கள். (அந்த ராஜா சிவிங்கியை 1920களில் தனி இனம் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள்.) அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் கறுக்கும். ஒன்று மட்டும் என்றால் சாதாரண வரிதான், பார்த்தால் தெரியாது.

பிறகு காட்டுக்குப் போய் எச்சமும் முடியும் பொறுக்கினார்கள். சிமிலிபாலில் 12 புலிகளின் டிஎன்ஏ தேறியது. அவற்றில் மாறிய பிரதியின் பங்கு 0.58. வெளியே மற்றப் புலிகளில் 395ஐப் பார்த்தார்கள். ஒன்றில்கூட இல்லை.

நீங்களே கால்குலேட்டரை எடுங்கள். 0.58ஐ 0.58ஆல் பெருக்கினால் 0.34. அதாவது மூன்றில் ஒரு புலி கறுப்பாக இருக்க வேண்டும். காமிரா சொன்னது 37 சதவீதம். எச்சத்திலிருந்து ஒரு கணக்கு, படத்திலிருந்து ஒரு கணக்கு, இரண்டும் இவ்வளவு நெருங்கி டேலி ஆனதைப் பார்த்து எனக்கு ராத்திரி பதினொன்றரைக்கு எழுந்து காபி போடத் தோன்றியது.

அடர்ந்த காட்டில் கறுப்பு ஒளிந்துகொள்ள உதவுமோ, அதனால் பெருகியதோ என்று ஒரு கேள்வி உண்டு. ஆனால் சிமிலிபால் மற்றக் காடுகளிலிருந்து மரபணுவில் பொதுவாகவே எவ்வளவு விலகியிருக்கிறதோ, இந்த ஜீன் அதைவிட அசாதாரணமாக விலகவில்லை. ஒரு சில புலிகளில் தொடங்கி, வெளியிலிருந்து யாரும் வராமல், சீட்டுக் குலுக்கல் மாதிரி விழுந்த விளைவு என்றே வைத்தாலும் எண்கள் ஒத்துப்போகின்றன. கறுப்பு ஒரு நோய் இல்லை, அதனால் புலிக்குத் தொந்தரவு என்று யாரும் காட்டவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இந்த ஒரு ஜீன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், தெரியாத ஜீன்கள் என்னென்ன ஏறியிருக்கும்? "தோல்ல தெரியறதால இதைக் கண்டுபிடிச்சோம் மாமா. மத்ததெல்லாம் உள்ள இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. எங்கள் ஆச்சி தன் தாய்மாமனைக் கட்டியவள். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நாலு ஏக்கர் நஞ்சை வெளியே போகக்கூடாது என்பதுதான் ஆச்சி சொன்ன காரணம், வேறு தத்துவமெல்லாம் இல்லை. என் சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சொந்தத்தில் செய்ததால்தான் என்று யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எங்கள் பெரியவன் பிறந்தபோது டாக்டரம்மா ஃபைலைத் திறந்து முதலில் கேட்ட கேள்வி "சொந்தத்துல கல்யாணமா?" என்பது. தங்கமணி தஞ்சாவூர்ப் பக்கம், யாருக்கும் யாரும் இல்லை. "இல்லைங்க" என்று சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி வந்தது என்று இப்போது புரிகிறது.

"இதனாலதான் அவனை வேண்டாங்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "இல்ல மாமா. சின்ன வயசுலேர்ந்து கூடவே வளந்தவன். எனக்கு அப்படித் தோணல, அவ்ளோதான். ஜீன்னு சொன்னா அம்மா ஒத்துக்குவாங்கன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். நடக்கல."

சரி, புலிக்கு. அபூர்வம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1951ல் ரேவா மகாராஜா பிடித்த வெள்ளைப் புலிக்குட்டி மோகன். வெள்ளைக் குட்டி வேண்டும் என்பதற்காக அதை அதன் மகள் ராதாவோடேயே சேர்த்தார்கள். 1958ல் நான்கு வெள்ளைக் குட்டிகள். அந்த வம்சம் உலகமெங்கும் கூண்டுகளில் பரவியது, கூடவே மாறுகண்ணும் மற்றக் கோளாறுகளும். கறுப்புக்கும் ஆசை வராமல் இல்லை. 2024 ஜனவரியில் பாரிபதா பக்கத்தில் கறுப்புப் புலி சஃபாரி, உலகிலேயே முதல், என்று ஒடிசா அரசு அறிவித்தது. மயூர்பஞ்சுக்கு வருமானம் வரும், அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் காட்டுக்குத் தேவை வேறு.

அந்தத் தேவை அமெரிக்காவில் ஒரு தடவை நிறைவேறியது. ஃபுளோரிடாவில் மிஞ்சியிருந்த பூமாக்கள் முப்பதுக்கும் குறைவு. வால் நுனி மடங்கி, இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விதை இறங்காமல். 1995ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் எண்ணிக்கை மும்மடங்கு, கோளாறுகள் குறைந்தன. வெளியிலிருந்து மருமகள் எடுத்த மாதிரி.

சிமிலிபாலுக்கும் அதே வைத்தியம் 2024ல் தொடங்கியது. மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து இரண்டு பெண்புலிகள். அக்டோபரில் ஜமுனா, நவம்பரில் ஜீனத். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கறுப்பு ஆண்புலிக்கும் ஜமுனாவுக்கும் பிறக்கும் குட்டி ஒன்றுகூடக் கறுப்பாக இருக்காது. எல்லாமே சாதாரண வரி, உள்ளே ஒரு பிரதி மட்டும். வைத்தியம் பலித்தால் முதலில் குறையப் போவது எந்தக் கறுப்பைக் காட்டி ஊரே பெருமைப்படுகிறதோ அதுதான். இது தெரிந்தும் வனத்துறை செய்தது. அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. 2023ல் மே, ஜூன் என்று அடுத்தடுத்து இரண்டு வனப் பணியாளர்கள் இந்தக் காட்டில் வேட்டைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை. டிசம்பரில் கிளம்பிவிட்டாள். ஜார்கண்ட், அங்கிருந்து மேற்கு வங்கத்தில் ஜார்கிராம், புருலியா, பாங்குரா. மூன்று மாநில வனத்துறையும் காலர் சிக்னலைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் பின்னாலேயே ஓடியது. டிசம்பர் 29 அன்று பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கல்கத்தா அலிப்பூரில் வைத்துப் பார்த்துவிட்டு, புத்தாண்டை ஒட்டி சிமிலிபாலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆபீஸில் காலையில் டீ குடிக்கும்போது முதல் கேள்வியே "ஜீனத் இன்னிக்கு எங்கே?" என்பதுதான். 1967ல் புவனேஸ்வர் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெண்புலி தானாகவே வந்து நந்தன்கானன் புலி அடைப்புக்குள் ஆணைத் தேடிக் குதித்ததாம். கானன் என்று பெயர் வைத்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் புலி நடந்து வர இந்த ஊர் வாசல்வரை காடு இருந்திருக்கிறது. ஜீனத் நடந்த வழியில் தண்டவாளம், நெடுஞ்சாலை, கிராமம்.

வாரம் முடிந்து மருமகள் கிளம்பினாள். குழாய்ப் பெட்டியைத் தங்கமணியே எடுத்துக் கொடுத்தாள். அடுத்த காண்ட்ராக்ட் எங்கே என்று கேட்டேன். "ரெண்டு எடத்துக்குப் போட்டிருக்கேன் மாமா, ஒண்ணு நாட்டுக்குள்ள, ஒண்ணு வெளிய" என்றாள்.

ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் அக்கா போன்.

"என்னல, சொன்னியா?"

சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே. கூடவே, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சிமிலிபால், கறுப்பு வரி, தடோபாவிலிருந்து வந்த இரண்டு பெண்புலிகள், ஒன்று ஓடிப்போய் மூன்று மாநிலம் சுற்றியது எல்லாம் சொன்னேன். அக்கா குறுக்கே பேசவேயில்லை. நான் முடித்தபிறகும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்தப் புள்ள திரும்பி வந்துட்டாளால?" என்றாள்.

எந்தப் பிள்ளை என்று எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

"ஜீனத்தா? கூட்டிட்டு வந்துட்டாங்கக்கா."

"வழில யாரும் அடிச்சிராம வந்தாளே" என்று சொல்லிவிட்டு, தங்கமணியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.